கரையும் வலை கரைந்த பிறகு இம்ப்ளான்டை எது தாங்கும்?

மார்பகப் புற்றுநோய்க்காக உங்கள் அக்காவின் ஒரு பக்க மார்பகத்தை அகற்றி, அதே அறுவையிலேயே சிலிக்கோன் இம்ப்ளான்ட் பொருத்தப் போகிறார்கள் என்றும், அதைத் தாங்குவதற்கு உடலில் தானே கரைந்துவிடும் வலை ஒன்றைத் தைக்கப் போவதாக மருத்துவர் சொன்னார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கரைந்துபோகும் பொருளைத் தாங்கலாக வைப்பதில் என்ன பயன், அது கரைந்ததும் இம்ப்ளான்ட் கீழே இறங்கிவிடாதா, அதைவிட விலங்குத் தோலில் செய்த ஏட்டை வைப்பது மேல் என்று உங்கள் நண்பர் சொல்வது சரியல்லவா என்பவை உங்கள் மூன்று கேள்விகள். மூன்றுக்கும் இங்கே பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத நான்காவது ஒன்று உண்டு. என் அனுபவத்தில் அறுவையின் முடிவைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதுதான் என்பதால், அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் சுருக்கமான விடை. வலை கரைந்த பிறகு இம்ப்ளான்டைத் தாங்குவது உங்கள் அக்காவின் சொந்தத் திசுதான். தளம் போடும்போது கான்கிரீட் இறுகும்வரை கீழே முட்டுக் கொடுத்து, இறுகியதும் முட்டைப் பிரித்துவிடுவதைப் போன்றது இது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. முட்டு கான்கிரீட்டுக்கு வெளியே நிற்கிறது. வலையோ புதுத்திசுவுக்கு உள்ளேயே நிற்கிறது. வலையின் கண்கள் வழியே இரத்த நுண்குழாய்களும் செல்களும் நுழைந்து, நூல்களைச் சுற்றிக் கொல்லாஜன் என்னும் புரத இழைகளைப் பின்னுகின்றன. நூல் மெல்ல வலுவிழக்கும்போது அந்தப் பின்னல் சுமையை ஏற்றுக்கொள்ளும் நிலைக்கு வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் வலை தன் வேலையை முடித்துவிட்டது. வராவிட்டால் உங்கள் அச்சம் நியாயமானதே. ஆகவே வலை கரைவதில் குறை ஒன்றும் இல்லை. எவ்வளவு காலத்தில் கரைகிறது, அதற்குள் திசு எவ்வளவு உறுதிப்பட்டிருக்கும் என்பதையே பார்க்க வேண்டும்.

தாங்கல் ஏன் தேவைப்படுகிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மார்பகத்தை அகற்றிய பிறகு மீதமிருப்பது தோலும் அதனடியில் மெல்லிய கொழுப்புப் படலமும் மட்டுமே. அந்தப் பையில் இம்ப்ளான்டை அப்படியே வைத்தால் அதன் எடை முழுவதும் கீழ்ப்பகுதித் தோலின்மேல் இறங்கும். மார்பகத்தின் அடிமடிப்பு இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி இம்ப்ளான்ட் சரியும், அல்லது அக்குள் பக்கம் ஒதுங்கும். இதைத் தவிர்க்க நெடுங்காலமாக இம்ப்ளான்டை மார்புப் பெருந்தசைக்கு அடியில் வைத்தார்கள். அந்தத் தசையோ இம்ப்ளான்டின் மேற்பாதியை மூடுமே தவிர, கீழ்வெளிப் பகுதிக்கு எட்டாது. அதனால் முதலில் ஒரு திசு விரிப்பானை வைத்து, வாரக்கணக்கில் உப்புநீர் ஏற்றி இடத்தைப் பெரிதாக்கி, சில மாதங்கள் கழித்து இரண்டாவது அறுவையில் இம்ப்ளான்டை மாற்றிப் பொருத்துவது வழக்கமாயிற்று. தசையின் கீழ் விளிம்புக்கும் அடிமடிப்புக்கும் இடையே உள்ள அந்த வெற்றிடத்தை ஏதாவது ஒரு படலத்தால் தொட்டில்போல மூடிவிட்டால், தகுந்தவர்களுக்கு ஒரே அறுவையில் வேலை முடியும் என்ற எண்ணத்திலிருந்து பிறந்தவையே விலங்குத் தோல் ஏடும் செயற்கை வலையும்.

முதலில் வந்தது தோல் ஏடு. இறந்தவர்கள் தானமாக அளித்த தோலிலிருந்தோ, பன்றித் தோலிலிருந்தோ, மாட்டுத் திசுவிலிருந்தோ செல்களை எல்லாம் நீக்கிவிட்டு, எஞ்சிய கொல்லாஜன் சட்டகத்தை மட்டும் பயன்படுத்துவது அதன் தத்துவம். 2000-களின் முற்பகுதியில் அல்லோடெர்ம் என்னும் மனிதத்தோல் ஏடு இந்த அறுவையில் பயன்படத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் பல நாடுகளில் வேகமாகப் பரவியது. அது கரைவதில்லை, உடலோடு இணைந்துவிடுகிறது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட பெருமை. உங்கள் நண்பர் சொல்வதன் அடிப்படையும் அதுதான். ஆனால் இணைவதற்கு அதன்மேல் உள்ள தோலில் நல்ல இரத்த ஓட்டம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஏடு இணையாமல் வெறும் அந்நியப் பொருளாகக் கிடக்கும். அதைச் சுற்றி நீர் கோத்துக்கொள்வதும், கிருமி இல்லாமலேயே தோல் சிவந்து தொற்றுபோலத் தோற்றம் காட்டுவதும் நாங்கள் காணும் சங்கடங்கள். விலையும் செயற்கை வலையைக் காட்டிலும் பல மடங்கு. மனித உடலிலிருந்தோ பன்றி, மாடு ஆகியவற்றிலிருந்தோ வந்த பொருளைத் தம் உடலில் வைத்துக்கொள்ள மனச்சான்றோ மதமோ இடம் தராதவர்களும் உண்டு. மருத்துவர்கள் இதைக் கேட்க மறந்துவிடுவதுண்டு. நோயாளியே சொல்லிவிடுவது நல்லது.

கரையும் வலைகள் எல்லாம் ஒன்றல்ல. இந்த இடத்தில்தான் உங்கள் கேள்வியின் சாரம் இருப்பதால் சற்று நின்று பார்ப்போம். மிகப் பழையதும் விலை குறைந்ததும் பாலிகிளாக்டின் 910 என்னும் பொருள். விக்ரில் என்ற பெயரில் தையல் நூலாகப் பலருக்கும் தெரிந்தது. திசுநீர் அதைச் சிறுகச் சிறுகப் பிரித்து, கிளைகாலிக் அமிலமாகவும் லாக்டிக் அமிலமாகவும் மாற்றிவிடுகிறது. ஏறத்தாழ 56 முதல் 70 நாட்களில் பொருள் முழுவதும் மறைந்துவிடும். ஆனால் மறைவதற்கு வெகு முன்னரே வலு போய்விடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். விக்ரில் நூலில் மூன்றாம் வார இறுதியில் தொடக்க வலுவில் சுமார் பாதிதான் மிஞ்சுகிறது. சாதாரணத் தோல் காயம் ஒன்று ஆறும் கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றாம் வாரத்தில் காயத்தின் வலு, முழுத்தோலின் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். மூன்று மாதம் ஆகும்போது அது 80 விழுக்காட்டை நெருங்குகிறது, அதற்குமேல் பெரிதாக ஏறுவதும் இல்லை. அதாவது விக்ரில் வலை கைவிடும் நேரத்தில் திசு இன்னும் முதிரவில்லை. அப்படியிருந்தும் அதை வைத்து நல்ல முடிவுகளைப் பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள். இம்ப்ளான்டைச் சுற்றி உடல் தானாகவே ஒரு தழும்பு உறையை உருவாக்கிக்கொள்கிறது. சிறிய, எடை குறைந்த இம்ப்ளான்டுக்கும் தடிப்பான தோலுக்கும் அந்த உறையே போதுமானதாகிவிடுகிறது. எடை மிகுந்த இம்ப்ளான்டுக்கும் மெல்லிய தோலுக்கும் விக்ரில் வலையை மட்டும் நம்புவதை நான் விரும்புவதில்லை.

அடுத்த வகை பாலிடையாக்சனோன். இதன் வலு விக்ரிலைவிடச் சில வாரங்கள் கூடுதலாக நிற்கும். முழுதும் கரைய ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். டைகர் என்னும் சுவீடன் நாட்டு வலை இரண்டு வகை இழைகளைச் சேர்த்துப் பின்னப்பட்டது. ஒரு வகை இழை நான்கு மாதங்களுக்குள் கரைந்துவிடும். மற்றது ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வரை இருக்கும். தொடக்கத்தில் விறைப்பாக இருந்து தாங்கி, வேக இழை போனதும் நெகிழ்ந்து, சுமையைச் சிறிது சிறிதாகத் திசுவின்மேல் ஏற்றுவது இந்த அமைப்பின் நோக்கம். சுமையை உணரும் திசுவே இழைகளைச் சுமையின் திசையில் அடுக்கிக்கொள்ளும் என்பதால், எனக்கு இது அறிவார்ந்த வடிவமைப்பாகவே படுகிறது. பி4எச்பி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பாலி-4-ஹைட்ராக்சிபியூட்டிரேட் இன்னொன்று. கேலாஃபிளெக்ஸ் என்ற பெயரில் வருவது இதனால் ஆனது. பாக்டீரியாக்களை நொதிக்க வைத்து எடுக்கப்படும் இந்தப் பொருள் 18 முதல் 24 மாதங்களில் கரைகிறது. கரைந்து வரும் சேர்மம் நம் உடலிலேயே இயல்பாகச் சிறிதளவு இருப்பதுதான். ஆகவே உங்கள் அக்காவின் மருத்துவர் வெறுமனே 'கரையும் வலை' என்று சொன்னால், அது இரண்டு மாதத்தில் கரைவதா, இரண்டு ஆண்டில் கரைவதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது குழப்பத்தையே தரும்.

நூலின் அமைப்பும் முக்கியம். பல மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்த நூலின் இடுக்குகளில் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள பாக்டீரியா எளிதாக ஒளிந்துகொள்ளும். அதைத் தின்ன வேண்டிய வெள்ளணுவோ பத்து மைக்ரானுக்கும் பெரிது, உள்ளே நுழைய முடியாது. ஒற்றை இழையால் ஆன வலையில் இந்தப் பதுங்குமிடம் குறைவு. அதேபோல வலையின் கண்கள் குறைந்தது 75 மைக்ரானுக்கு மேல் அகன்றிருந்தால்தான் திசு தாராளமாக உள்ளே வளரும் என்பது குடலிறக்க அறுவைகளில் வலையைப் பயன்படுத்திக் கற்ற பாடம்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. தோல் ஏடு மேல் என்று பொதுவாகச் சொல்லிவிடும் அளவுக்குச் சான்றுகள் இல்லை. அந்த நம்பிக்கையைக் குலைக்கும் சான்றுதான் இருக்கிறது. நெதர்லாந்தில் எட்டு மருத்துவமனைகளில் நடந்து 2017-இல் வெளியான பிரையோஸ் என்னும் ஆய்வில், பன்றித்தோல் ஏட்டுடன் ஒரே அறுவையில் இம்ப்ளான்ட் வைத்த பெண்களையும், ஏடு இல்லாமல் இரண்டு கட்டமாகச் செய்துகொண்ட பெண்களையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டார்கள். ஏடு வைத்த 59 பேரில் 27 பேருக்கு அறுவைச் சிக்கல் ஏற்பட்டது. மற்ற பிரிவில் 62 பேரில் 11 பேருக்கு மட்டுமே. ஏட்டையோ இம்ப்ளான்டையோ எடுத்துவிட வேண்டி வந்த மார்பகங்கள் ஒருபுறம் 91-இல் 24, மறுபுறம் 92-இல் 4. இதில் ஒரு நுட்பம் உண்டு. கூடுதல் சிக்கலுக்குக் காரணம் ஏடா, அல்லது ஒரே மூச்சில் முழு அளவு இம்ப்ளான்டை வைத்ததா என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது. என் மதிப்பீட்டில் இரண்டும் சேர்ந்தே காரணம். சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் பரம்பரை அபாயத்தால் இரு மார்பகங்களையும் அகற்றிக்கொண்ட பெண்களுக்கு, ஒரு பக்கம் மாட்டுத் திசு ஏடும் மறுபக்கம் டைகர் வலையும் வைத்து ஒப்பிட்டபோது, ஏடு வைத்த பக்கத்தில் நீர்கோப்பு அதிகமாக இருந்தது. ஒரே உடலில் இரண்டையும் ஒப்பிடுவதால் இது நேர்த்தியான ஆய்வு. எனினும் பங்கேற்றவர்கள் சிலரே என்பதால், செயற்கை வலை எங்கும் எப்போதும் உயர்ந்தது என்று இதைக்கொண்டு முடிவு கட்டிவிடக் கூடாது.

பிரிட்டனில் 81 மையங்களில் 2,108 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியிட்ட ஐப்ரா ஆய்வையும் சொல்ல வேண்டும். எந்தத் தாங்கல் பயன்பட்டது என்பதைப் பொருட்படுத்தாமல் மொத்தமாகப் பார்த்தால், மூன்று மாதங்களுக்குள் 9 விழுக்காட்டினர் இம்ப்ளான்டை இழந்தார்கள்; கால்வாசிப் பேருக்குத் தொற்று வந்தது; 18 விழுக்காட்டினர் மீண்டும் அறுவை அரங்குக்குச் செல்ல நேர்ந்தது. அந்த நாட்டுத் தர அளவுகோலோ இம்ப்ளான்ட் இழப்பு 5 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. இதைச் சொல்வது அச்சுறுத்துவதற்காக இல்லை. வலையின் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள், இந்த அறுவைக்கே உரிய அபாயத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பதற்காகத்தான்.

நான் முதலில் குறிப்பிட்ட நான்காவது விஷயம் இங்கே வருகிறது. அது தோலின் இரத்த ஓட்டம். மார்பகத்தை அகற்றும் அறுவை மருத்துவர் புற்றுத் திசுவை மிச்சம் விடாமலும், தோலுக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய் வலைப்பின்னலைச் சேதப்படுத்தாமலும், சில மில்லிமீட்டர் தடிப்புள்ள படலத்தை விட்டுவைக்க வேண்டும். அந்தப் படலம் வாடிவிட்டால் எந்த வலையும் எந்த ஏடும் இம்ப்ளான்டைக் காப்பாற்றாது. தோல் கருகி, காயம் திறந்து, கிருமி உள்ளே இறங்கிவிடும். புகைபிடிப்பவர்கள், மிகு உடல் எடை உள்ளவர்கள், கட்டுக்குள் வராத நீரிழிவு உள்ளவர்கள், அந்தப் பக்கம் ஏற்கெனவே கதிர்வீச்சுப் பெற்றவர்கள் ஆகியோருக்கு இந்த அபாயம் கூடுதல். இண்டோசயனின் பச்சை என்னும் சாயத்தை இரத்த நாளம் வழியே செலுத்தி, சிறப்புக் கேமரா மூலம் தோலின் இரத்த ஓட்டத்தை அறுவையின்போதே பார்க்கும் வசதி சில மருத்துவமனைகளில் உண்டு. அது இல்லாவிட்டாலும், தோல் ஐயத்துக்கு இடமாக இருந்தால் திட்டத்தை அங்கேயே மாற்றி, முழு இம்ப்ளான்டுக்குப் பதிலாகப் பாதி நிரப்பிய விரிப்பானை வைத்து முடித்துவிடும் மருத்துவர் கெட்டிக்காரர். மயக்கம் தெளிந்து எழுபவருக்கு அது ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆகவே அப்படி ஒரு மாற்றம் நேரக்கூடும் என்று உங்கள் அக்காவுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்.

இது அழகைப் பற்றிய கவலை மட்டும் அன்று. தொற்றோ தோல் கருகலோ வந்தால், அறுவைக்குப் பின் தொடங்க வேண்டிய கீமோதெரபி தள்ளிப்போகும். உடனடி மறுசீரமைப்பு தன்னளவில் சிகிச்சையைத் தாமதப்படுத்துவதில்லை, பெரிய சிக்கல்களே தாமதப்படுத்துகின்றன என்பதை ஐப்ரா குழுவினரின் தொடர் ஆய்வு காட்டியிருக்கிறது. உங்கள் அக்காவுக்குக் கதிர்வீச்சு தேவைப்படுமா என்பதையும் முன்னரே கேட்டுவிடுங்கள். கதிர்வீச்சு, இம்ப்ளான்டைச் சுற்றியுள்ள உறையை இறுக்கி, மார்பகத்தைக் கடினமாக்கி மேலே தூக்கிவிடும் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டுகிறது. கரையும் வலை இதைத் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்லத்தக்க சான்று கிடையாது. கதிர்வீச்சு நிச்சயம் என்றால், வயிற்றுக் கொழுப்புத் திசுவைக்கொண்டு பின்னர் மார்பகத்தை உருவாக்கும் வழியையும் மருத்துவரோடு பேசுவது நல்லது.

அண்மைக் காலத்தில் இம்ப்ளான்டைத் தசைக்கு மேலேயே, தோலுக்கு நேர் அடியில் வைக்கும் முறை பெருகியிருக்கிறது. தசையைத் தூக்காததால் வலி குறைவு. கையை அசைக்கும்போது மார்பகமும் சேர்ந்து துள்ளும் விகாரமும் இல்லை. ஆனால் அங்கே வலை இம்ப்ளான்டின் முன்பக்கம் முழுவதையும் மூட வேண்டியிருப்பதால் பெரிய வலை தேவைப்படுகிறது. தோல் மெல்லியதாக இருந்தால் மேற்பகுதியில் இம்ப்ளான்டின் சுருக்கங்கள் வெளியே தெரியும். கரையும் வலை மெல்லியது என்பதால், தோல் ஏட்டைப்போல அந்தச் சுருக்கத்தை மறைக்க உதவாது. பின்னர் கொழுப்பை ஊசிவழி ஏற்றித்தான் சரிசெய்ய வேண்டும். தோல் ஏட்டுக்கு நான் மனமார ஒப்புக்கொள்ளும் மேன்மை இந்த ஒன்றுதான்.

உங்கள் அக்காவின் மார்பகம் பெரியதும் தளர்ந்ததுமாக இருந்தால் வலையே தேவைப்படாமல் போகலாம் என்பதையும் குறிப்பிட வேண்டும். அத்தகையவர்களுக்கு எப்படியும் அதிகப்படியான கீழ்த்தோலை வெட்டி எறிய வேண்டியிருக்கும். அதை எறியாமல், மேற்தோலை மட்டும் சீவிவிட்டு, உள்தோலை மடித்துத் தசையோடு தைத்தால், சொந்த இரத்த ஓட்டமுள்ள தொட்டில் கிடைத்துவிடுகிறது. செலவும் இல்லை, அந்நியப் பொருளும் இல்லை. இது எல்லாருக்கும் பொருந்தாதுதான். பொருந்துகிற இடத்தில் நான் முதலில் நாடுவது இதையே.

சட்டநிலை பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021-இல் தோல் ஏடுகளைப் பற்றியும், 2023-இல் அறுவை வலைகளைப் பற்றியும் விடுத்த அறிவிப்புகளில், மார்பக அறுவையில் இவற்றின் பாதுகாப்பும் பயனும் தன்னால் உறுதி செய்யப்படவில்லை என்று தெரிவித்தது. இவை பொதுவாக மென்திசுவை வலுப்படுத்தும் பொருளாகவே அனுமதி பெற்றவை. மார்பகத்தில் வைப்பது மருத்துவரின் தீர்ப்பின்பேரில் நடக்கிறது. இது விதிமீறல் அன்று. உலகெங்கும் பல சிகிச்சைகள் இப்படித்தான் நடக்கின்றன. எனினும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை. சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். வலையின் பெயரும் தொகுதி எண்ணும் எழுதிய ஒட்டுச்சீட்டு அறுவைக் குறிப்பில் இருக்கும். அதன் நகலை வாங்கி வைத்துக்கொண்டால், பின்னர் வேறிடத்தில் ஸ்கேன் எடுக்க நேரும்போது உதவும்.

அறுவைக்குப் பின் ஒன்றிரண்டு வடிகுழாய்களோடு வீடு திரும்புவார். ஒரு நாளில் வடியும் நீர் 30 மில்லிலிட்டருக்குக் கீழே வந்த பிறகே பெரும்பாலோர் குழாயை எடுக்கிறார்கள். தினமும் அளவைக் குறித்துவைப்பது வீட்டில் உள்ளவர்களின் பொறுப்பு. முதல் ஆறு வாரங்கள் கனமான பொருளைத் தூக்குவதும் கையைத் தலைக்குமேல் வீசி உயர்த்துவதும் கூடாது. உடலுக்குள் நூல்களில் தொங்கிக்கொண்டிருக்கும் அந்தத் தொட்டில் திசுவோடு பிணையும் காலம் அதுதான். அடிமடிப்பு ஓரத்தில் சில மாதங்கள் வரை விரலுக்கு வரம்புபோல ஏதோ தட்டுப்படலாம். அது பெரும்பாலும் வலையின் விளிம்பாகவே இருக்கும். ஆனாலும் புதிதாகத் தோன்றும் எந்தக் கட்டியையும் வலை என்று தானே முடிவு செய்துவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். காய்ச்சல், பரவும் சிவப்பு, திடீரென வீங்கும் மார்பகம், வடிநீர் கலங்கலாதல், தோலின் ஓரிடம் கருநீலமாதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அடுத்த பரிசோதனை நாள் வரும்வரை பொறுத்திருக்காமல் அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள். இம்ப்ளான்டைச் சுற்றியுள்ள தொற்றை முதல் ஓரிரு நாளில் பிடித்தால், கழுவி, இம்ப்ளான்டை மாற்றிக் காப்பாற்றிவிட முடிவதுண்டு. ஒரு வாரம் கழிந்துவிட்டால் பெரும்பாலும் எடுத்துவிட்டு, மாதக்கணக்கில் காத்திருந்துதான் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும்.